ஒரே உருட்டலில் முடிந்துபோன சமாதானம்: கேம்பெயினில் பக்கத்து நாடுகளுக்கிடையே தூது நடத்துவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, ஐந்து பேர் ஆடும் கேம்பெயின், அதாவது பல நாள் தொடர்ந்து ஓடும் கதை. மேட்டில் ஒரு மலைநாடு, பள்ளத்தில் ஒரு ஆற்றுநாடு, நடுவில் முப்பது வருடப் பகை. ஆட்டக்காரர்கள் ஆற்றுநாட்டின் தூதர்களாக மலைநாட்டு அரசவைக்குப் போகிறார்கள். பாணர் கேரக்டராக ஆடுபவர் டி20-ஐ, அதாவது இருபது முகப் பகடையை, உருட்டுகிறார். 20 விழுகிறது, அதற்கு மேல் கேரக்டரின் பேச்சுத் திறனுக்காகச் சேரும் ஒரு 9. மன்னர் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மூன்று மாதமாக நீங்கள் வளர்த்த பகை இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது, ஜெயித்தவர்களுக்கே சப்பென்று ஆகிவிட்டது. 'இனி என்ன செய்வது, தூதுப் பேச்சையே சுவாரஸ்யமாக நடத்த முடியாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பதினைந்து வருடமாகக் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மறக்காத செஷன்களில் பாதி, ஒருவரும் வாளை உருவாத செஷன்கள்தான்.

சரி, முதலில் விதிப்புத்தகம். ஐந்தாம் பதிப்பில் '20 விழுந்தால் கட்டாய வெற்றி' என்பது தாக்குதல் உருட்டலுக்கு உரியது. பேச்சால் இணங்க வைக்கும் சோதனைக்கு அது கிடையாது. மேசையில் உற்சாகத்தில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். அதைவிட முக்கியமான ஒன்று 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டியில் இருக்கிறது. அது எதிரில் இருப்பவரின் மனநிலையை நட்பு, நடுநிலை, பகை என்று மூன்றாகப் பிரிக்கிறது. பகையாக இருப்பவரிடம் உருட்டலின் கூட்டுத்தொகை 20-ஐத் தொட்டாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ வராத அளவுக்குத்தான் கேட்டதைச் செய்வார். நடுநிலையில் இருப்பவர் அதே 20-க்குச் சின்ன இழப்பை ஏற்பார். பெரிய இழப்பை ஏற்க ஒருவர் ஏற்கெனவே நட்பாக இருந்தாக வேண்டும், அதற்கும் 20 வேண்டும். முப்பது வருடப் பகைவரான மன்னரிடம் உங்கள் பாணர் 29 உருட்டினார் என்றால், நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியது நல்ல விருந்தினர் மாளிகை, மறுநாள் தனியாக ஒரு சந்திப்பு, கைதிகளில் நாலைந்து பேருக்கு விடுதலை. நாட்டின் எல்லையே மாறுகிற கையெழுத்து அந்தப் பட்டியலில் வராது.

மூன்றாம் பதிப்பு ஆடியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். அதில் ராஜதந்திரம் என்று ஒரு திறனே தனியாக உண்டு. மனநிலையை மாற்ற உருட்டலில் எட்ட வேண்டிய எண்கள் நிலையாக எழுதப்பட்டிருந்தன. கொலைவெறியோடு நிற்பவரை உயிர்த்தோழனாக்க 50 போதும், ஒரு நிமிடப் பேச்சில் காரியம் முடிந்துவிடும். நிலை உயர்ந்த கேரக்டருக்கு அந்த 50 எட்டாத எண் இல்லை. ஒரு திறனை மட்டும் ஏற்றிக்கொண்டே போன பாணர், பேரரசுகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆனால் விதியைத் திருத்துவதோடு வேலை முடியாது. நான் முழுசாக நம்புவது ஒன்று உண்டு. பக்கத்து நாடுகளுக்கிடையே தூது சுவாரஸ்யமாக வேண்டுமானால், அரியணையில் ஆரம்பிக்கக் கூடாது, எல்லையில் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு நாடும் ஒன்றாகப் பயன்படுத்தியே தீர வேண்டிய, ஆனால் பிரித்துக்கொள்ள முடியாத ஒரு பொருளை முதலில் கண்டுபிடியுங்கள். அதுதான் அவர்களைப் பக்கத்து நாடுகள் ஆக்குகிறது. கடல் தாண்டி இருக்கிற எதிரியோடு பத்து வருடம் பேசாமல் இருந்துவிடலாம். பக்கத்து நாட்டோடு நாளைக் காலையிலேயே ஏதாவது ஒன்றுக்குப் பேச வேண்டியிருக்கும். அவன் மாடு இங்கே மேய்ந்துவிடும், இவன் பெண் அங்கே வாழ்க்கைப்பட்டிருப்பாள், இரண்டு ஊர்க் கோயிலுக்கும் ஒரே தேர் ஓடும்.

என் கேம்பெயினில் குன்றநாடு, துறைநாடு என்று இரண்டு வைத்திருந்தேன். குன்றத்தில் இரும்பு உண்டு, உப்பு கிடையாது. துறையில் அப்படியே தலைகீழ். எல்லையில் வருடத்துக்கு ஒரு சந்தை. ஒரு மரக்கால் உப்புக்கு இத்தனை எடை இரும்பு என்று பாட்டன் காலத்து ஒப்பந்தம். கொஞ்ச வருடமாக, துறைக்காரன் உப்பில் ஏமாற்றுகிறான் என்று குன்றத்தில் கோபம். படை திரள்கிறது. ஆட்டக்காரர்கள் துறைநாட்டின் தூதர்கள்.

அந்த செஷனுக்கு நான் வீட்டிலிருந்து இரண்டு டம்ளரும் ஒரு பை அரிசியும் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்து, 'இது குன்றத்து மரக்கால், இது துறை மரக்கால், அவர்கள் கண்முன்னால் அளந்து காட்டுங்கள்' என்றேன். பார்க்க இரண்டும் ஒரே உயரம், ஒரே வாய். ஒன்றை அரிசியால் நிரப்பி மற்றதில் கொட்டினார்கள். விளிம்பைத் தாண்டி அரிசி மேசையில் சிந்தியது. குள்ளர் இனத்துத் தூதராக ஆடியவர் பேச்சை நிறுத்திவிட்டு, சிறிய டம்ளருக்குள் விரலை விட்டுத் தடவினார். அடியில் நான் அட்டையை வெட்டி ஒட்டி மேலே வெள்ளித்தாள் போட்டிருந்தேன். அவர் நகத்தால் அதைக் கிளப்பி மேசை நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிரிகளிடம் 'எங்கள் மரக்கால் சரியானது' என்று அரைமணி நேரம் வாதாடியவர்கள், தங்கள் பக்கத்து மரக்காலில்தான் அடி தூக்கியிருக்கிறது என்று அவர்கள் கண்ணெதிரேயே தெரிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று செஷன் ஓடியது, டைஸ் உருண்டது மிகக் குறைவு. அடியைத் தூக்கியது துறை மன்னர் இல்லை, எல்லைச் சுங்க அதிகாரி. மிச்சம் பிடித்த உப்பில் அவர் தன் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்து வந்தார், ஏனென்றால் தலைநகரிலிருந்து நான்கு வருடமாகப் பணம் வரவில்லை. அவரைத் தண்டித்தால் எல்லையில் காவல் இல்லாமல் போகும். தண்டிக்காவிட்டால் குன்றத்துப் படை இறங்கும். உண்மையைச் சொன்னால் தங்கள் மன்னரே அவமானப்படுவார். தூதர்கள் எதிரியோடு பேசியதைவிடச் சொந்த அரசவையோடு பேசியதுதான் அதிகம்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூதுவரின் பாதி வேலை சொந்த வீட்டில் இருக்கிறது. 'மலைநாடு இதை விரும்புகிறது' என்று உங்கள் நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நாடு எதையும் விரும்புவதில்லை. மன்னர், அவர் தம்பி, படைத்தலைவர், கடன் கொடுத்த வணிகர், எல்லையில் ஆடு மேய்ப்பவர், ஆளுக்கொன்றை விரும்புகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேரை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கேட்பது என்ன, எதைக் கொடுத்தாலும் விடமாட்டாதது என்ன, வெளியே சொல்லாமல் பயப்படுவது என்ன, இந்த மூன்றை ஒவ்வொரு வரியாக எழுதினால் போதும். அரைப்பக்கம்தான் ஆகும். நாற்பது பக்க நாட்டு வரலாறு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மேசையில் ஒரு பக்கம்கூடப் பயன்படுவதில்லை. இந்த அரைப்பக்கம் ஒரு வருடம் ஓடும்.

எல்லையில் இருக்கும் ஒரு ஆள் என்னவெல்லாம் செய்துவிடலாம் என்பதற்கு உண்மை வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 1218-இல் மத்திய ஆசியாவில் குவாரஸ்மியப் பேரரசும் செங்கிஸ் கானின் மங்கோலியரும் அக்கம்பக்கத்து அரசுகள் ஆகியிருந்த சமயம். மங்கோலியப் பக்கத்திலிருந்து சுமார் 450 வணிகர்கள் கொண்ட கூட்டம் ஓத்ரார் என்ற குவாரஸ்மிய எல்லை நகரத்துக்கு வந்தது. ஆளுநர் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றுவிட்டு, சரக்கை எடுத்துக்கொண்டார். செங்கிஸ் கான் உடனே படையெடுக்கவில்லை. ஆளுநரை ஒப்படைக்கச் சொல்லித் தூதர்களை அனுப்பினார். ஆளுநரோ அரசவையில் செல்வாக்கான குடும்பத்து உறவினர். குவாரஸ்மிய மன்னர் ஷா முகம்மது அவரை விட்டுக்கொடுக்க முடியாமல் தூதரைக் கொன்றார். 1219-இல் படை இறங்கியது. 1220 முடிவதற்குள் ஷா காஸ்பியன் கடலில் ஒரு தீவில் ஒளிந்திருந்த இடத்தில் செத்துப்போனார். இங்கே ஷாவின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒப்படைத்தால் வீட்டுக்குள் கலகம், ஒப்படைக்காவிட்டால் வெளியே போர். இந்த மாதிரி ஒரு முடிச்சுதான் ஆட்டக்காரர்களின் மடியில் விழ வேண்டும்.

அப்புறம், மரியாதை. விதிகள் அதிகம் தொடாத இடம், ஆனால் மேசையில் அதிகம் வேலை செய்கிற இடம். 968-இல் கிரெமோனா நகரத்து ஆயர் லியுட்பிராண்ட், மேற்கே பேரரசராக இருந்த முதலாம் ஓட்டோவின் தூதராக, திருமண உறவு பேச, பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வெயிலும் குளிரும் தடுக்காத வீடு, தண்ணீர் வசதி இல்லை, பிசின் கலந்த மது. பேச்சு எப்படியோ இழுத்துக்கொண்டு போகையில், போப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அதில் பைசாந்தியப் பேரரசரை 'கிரேக்கர்களின் பேரரசர்' என்று எழுதியிருந்தது. தங்களை ரோமப் பேரரசர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கடிதம் கொண்டுவந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். லியுட்பிராண்ட் ஊருக்குக் கிளம்பும்போது அவர் வாங்கி வைத்திருந்த ஊதாப் பட்டுத் துணிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள், அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லையாம்.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காட்சி. தூதர்களுக்கு எந்த அறை கொடுத்தார்கள், சாப்பாட்டில் என்ன வைத்தார்கள், எத்தனை நாள் காக்க வைத்தார்கள், கடிதத்தில் என்ன பட்டம் விட்டுப்போயிற்று என்று சொல்லுங்கள். மன்னரின் மனநிலையை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். நான் எப்போதும் கடிதத்தை நிஜமாகவே தாளில் எழுதி ஆட்டக்காரர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். 'மாமன்னர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மன்னர்' என்று இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால் அவையில் அது வெடிக்கட்டும்.

சந்திக்கும் இடமும் அப்படித்தான். 1807-இல் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டரும் நீமன் ஆற்றின் நடுவில் ஒரு தெப்பத்தில் சந்தித்தார்கள். ஒருவர் மண்ணுக்கு மற்றவர் போக வேண்டியதில்லை. எந்த நாட்டின் தலையெழுத்து அங்கே பேசப்பட்டதோ, அந்தப் பிரஷ்யாவின் மன்னர் முதல் நாள் கரையில் காத்திருந்தார். உங்கள் ஆற்றுநாட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கரையில் நிற்பது யார் என்று மட்டும் யோசியுங்கள்.

மிரட்டலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் ஆட்டக்காரர்களுக்கு மிரட்டல் என்றால் மேசையைத் தட்டுவது, கத்தியைக் காட்டுவது. இதற்கு நான் புறநானூற்றின் 95-ஆம் பாட்டைத்தான் எடுத்துச் சொல்வேன். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை அதைப் பாராட்டுவது போலவே சொல்கிறார்: இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஒரு கடுமையான சொல் கிடையாது. விருந்தாளி முகம் சுளிக்கவில்லை. ஆனால் யார் நிஜமாகவே போர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தொண்டைமானுக்குப் புரிந்துவிடும். என் மேசையில் ஒருவர் இப்படிப் பேசினால் டைஸையே தொட விடமாட்டேன். பேச வராத கூச்ச சுபாவமுள்ள ஆட்டக்காரர் 'இந்த அர்த்தம் வருகிற மாதிரி என் கேரக்டர் சொல்கிறான்' என்றால் அதுவும் எனக்கு அதே மதிப்புதான். நாக்குச் சாமர்த்தியம் உள்ளவர்களே ஜெயிக்கிற மேசையாக அது ஆகிவிடக் கூடாது.

அப்படியானால் டைஸ் எதற்கு? சம்மதம் வாங்க அல்லாமல், சம்மதத்தின் விலை என்ன என்று பார்க்க உருட்டச் சொல்லுங்கள். தூதர் நல்ல காரணமும் நல்ல பண்டமாற்றும் கொண்டுவந்தால் சம்மதம் கிடைக்கும். நன்றாக உருட்டினால் இன்றே, அவையிலேயே. மோசமாக உருட்டினால் ஒரு மாதம் கழித்து, ஒரு பணயக்கைதியோடு. படைத்தலைவரின் பயம் என்ன என்று மோப்பம் பிடிக்க ஒரு உருட்டல், பணிப்பெண்ணிடம் செய்தி கறக்க ஒரு உருட்டல். முதல் சந்திப்புக்கு நான் பழைய வழக்கத்தையே வைத்திருக்கிறேன். ஆரம்பகால டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அந்நியரைச் சந்தித்தால் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி மனநிலை பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 6 முதல் 8 வரை வந்தால் தயக்கம். 36-இல் 16 தடவை அதுதான் வரும். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான சந்திப்புகள் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற இடத்தில் தொடங்கும். தூதுக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறு இல்லை.

'சண்டைதான் வேண்டும் என்கிற இரண்டு பேர் சலித்துப்போகிறார்கள்' என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் இந்த விளையாட்டின் பூர்வீகத்தைச் சொல்லுங்கள். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். படைகள் மோதுவதற்கு முன்னால், நடுவில் இருக்கும் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் முக்கியஸ்தர்களாகச் சிலரை ஆடச் சொல்லி, ஆளுக்கொரு தனிக் குறிக்கோள் கொடுத்தார். அவர்கள் மூலை மூலையாகப் போய்க் கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்கள், படைகள் மோதவே இல்லை. ஆட்டம் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார், ஆடியவர்களோ இன்னொன்று எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன்தான் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தவர். அந்தச் சண்டைப் பிரியர்களிடமும் இதே உத்தியைப் பயன்படுத்துங்கள். விருந்து நாளன்று ஆளுக்கொரு சீட்டு, அதில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு வேலை. வாள்வீரரிடம் 'பணயமாகப் போகும் இளவரசரின் உயிர் உன் பொறுப்பு' என்று எழுதிக் கொடுங்கள். அன்றிரவு அவர் தூங்கமாட்டார்.

கையில் தயாராக ஒரு உலகம் வேண்டுமென்றால் எபெரான் பாருங்கள். கீத் பேக்கர் உருவாக்கியது, 2004-இல் வெளிவந்தது. ஒரே பேரரசின் ஐந்து பகுதிகள் வாரிசுச் சண்டையில் பிரிந்து நூறு வருடம் அடித்துக்கொள்கின்றன. சைர் என்ற ஒரு நாடு ஒரே நாளில் அழிந்துபோகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருப்பவர்கள் பயந்துபோய் துரோன்ஹோல்ட் ஒப்பந்தம் போடுகிறார்கள். கதை தொடங்குவது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஒப்பந்தம் பன்னிரண்டு நாடுகளை அங்கீகரிக்கிறது. அரக்கர்கள் ஆளும் துரோவாம் அதில் இல்லை. சைரின் அகதிகளுக்கும் நாடு என்று ஒன்று இல்லை. மேசையில் நாற்காலி கிடைக்காதவர் யார் என்பதுதான் அந்த உலகத்தில் பாதிக் கதைகளுக்கு விதை.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கிற அந்தக் கையெழுத்து. தயவுசெய்து அதை ரத்து செய்யாதீர்கள். பாணர் உருட்டியது உருட்டியதுதான், அவருடைய சந்தோஷத்தைப் பிடுங்கினால் அடுத்த தடவை தூதுக்கு யாரும் வரமாட்டார்கள். மன்னர் கையெழுத்துப் போட்டார், இரண்டு பிரதிகள் எழுதப்பட்டன, தலைநகருக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இங்கேதான் காதேஷ் ஒப்பந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் இரண்டாம் ராம்செசும் ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 1259 வாக்கில் போட்ட ஒப்பந்தம். இரண்டு பக்கத்துப் பிரதிகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தப்பி ஓடியவர்களைத் திருப்பி அனுப்புவது, ஒருவருக்கொருவர் படை உதவி, எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் சமாதானம் கேட்டு முதலில் வந்தது யார் என்பதில் மட்டும், ஒவ்வொரு பிரதியும் அடுத்தவரைக் கை காட்டுகிறது.

அடுத்த செஷனை ஆற்றுத்துறையில் ஆரம்பியுங்கள். இரவில் மலைநாட்டிலிருந்து ஒரு குடும்பம் தோணியில் தப்பி வந்திருக்கிறது, புருஷன் அங்கே ஆயுதக் கொல்லன். பின்னாலேயே நான்கு மலைநாட்டு வீரர்கள், கையில் ஒப்பந்தத்தின் பிரதி. 'தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்' என்ற வரியைக் காட்டுகிறார்கள். பாணர் தன் பையிலிருந்து தங்கள் பிரதியை எடுக்கிறார். நீங்கள் எழுதி வைத்திருக்கும் இரண்டாவது தாளை அவர் கையில் கொடுங்கள். அதில் அந்த வரி இருக்கிறது, ஆனால் 'குற்றம் செய்துவிட்டு' என்று இரண்டு சொல் கூடுதலாக இருக்கிறது. கொல்லனின் மகள் தோணியை விட்டு இன்னும் இறங்கவில்லை.